நெஞ்சு மாத்திரையை நாலு நாள் நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து மெட்டோப்ரோலால் 50 சாப்பிடுகிறேன். சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும். பூக்கட்டுவது தொழில். இப்போதெல்லாம் பாதிக் கூடை கட்டுவதற்குள் அசந்துவிடுகிறேன், விரல் நுனி ஜில்லிட்டுப் போகிறது. நாடித்துடிப்பு 58 என்கிறாள் மகள். 'அந்த மாத்திரைதான் ஆளை முடக்குது, நிறுத்திப் பாருங்க மதினி' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரை போகவேண்டும். அந்த நாலு நாள் மட்டும் நிறுத்தலாமா டாக்டர்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் தடுப்பதுதான் இந்த பீட்டா பிளாக்கர் மாத்திரையின் வேலை. பல மாதம் அந்தத் தடைக்குப் பழகிய இதயத்துக்குத் திடீரென்று அது இல்லாமல் போனால், துடிப்பும் பிரஷரும் எகிறும். நெஞ்சுவலி, ஏன், இன்னொரு மாரடைப்புகூட வரலாம். நிறுத்த வேண்டியிருந்தால் டாக்டரே ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்.

உங்கள் அசதி பொய்யில்லை. கை ஜில்லிடுவதும் இந்த மாத்திரையால் வரக்கூடியதுதான். ஈர நாரும் தண்ணீர் தெளித்த பூவுமாக நாள் முழுக்க இருக்கும் விரல்களுக்கு அது கூடுதலாகவே தெரியும். தலைசுற்றல் இல்லாத 58 துடிப்புக்குப் பயப்பட வேண்டாம். 50-க்குக் கீழே போனாலோ, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திருவிழாவுக்கு முன்பே எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள். இதயத்தின் பம்ப் செய்யும் திறன் நன்றாக இருந்தால், ஓராண்டு கழிந்த நிலையில் அளவைக் குறைக்கலாமா, இந்த மாத்திரை இன்னும் தேவையா என்று நீங்களே கேட்கலாம். ரத்தசோகை, தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அசதிக்கு அவையும் காரணமாகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடியது. சர்க்கரை இறங்கும்போது வழக்கமாக நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். மெட்டோப்ரோலால் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் வியர்வைதான். சித்திரை மாதம் வைகை மணலில், அத்தனை கூட்டத்தில், யாருக்குத்தான் வியர்க்காது? தாழ்சர்க்கரை வியர்வையை வெயில் வியர்வை என்று நினைத்து உட்கார்ந்துவிடுவீர்கள். அதனால் விடிய விடிய விழித்து, அழகரைப் பார்க்கும்வரை பட்டினி கிடக்கும் விரதம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். சாப்பிடாமல் கிளிமிபிரைடு போடாதீர்கள். குளுக்கோமீட்டரை மகள் கையில் கொடுத்து வையுங்கள். திடீர் வியர்வை, பசி, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மீட்டர் கைவசம் இல்லையென்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். தண்ணீர்ப் பந்தலில் பானகம் கிடைத்தால் அதுவும் உதவும், நீர்மோர் உதவாது.

மாத்திரை அட்டையை, போகும் நாட்களுக்கு மேல் இரண்டு நாள் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். மெட்டோப்ரோலால் அட்டையில் எக்ஸ்எல் (XL) அல்லது இஆர் (ER) என்று இருந்தால் அது மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை, அந்த மாத்திரையை மெல்லவோ பொடிக்கவோ கூடாது.