எல்ஜின் பிரபுவும் அப்பா வைத்த கடனும்

அன்புள்ள ஐயா,

சீனத்தின் கோடை அரண்மனையைக் கொளுத்திய எல்ஜின் பிரபு பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஏதென்ஸின் பழைய கோயிலான பார்த்தினானின் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போனவரும் இவர்தானா? இல்லை, அந்தக் குடும்பத்துக்கே இதுதான் தொழிலா?

செ.

அன்புள்ள செ.,

இருவரும் அப்பாவும் மகனும். சிற்பங்களைக் கொண்டுபோனவர் ஏழாவது எர்ல் (எல்ஜின் பிரபு என்பது இந்தப் பரம்பரைப் பட்டம்தான்), தாமஸ் புரூஸ். அரண்மனையைக் கொளுத்தியவர் மகன் ஜேம்ஸ், எட்டாவது எர்ல். ஸ்காட்லாந்துக் குடும்பம், ராபர்ட் புரூஸ் அரசரின் வழி என்று பெருமை உண்டு.

தொழில் என்ன என்று கேட்டால், கடன் அடைப்பது என்பேன். சிற்பங்களுக்காக அப்பா 70,000 பவுனுக்கு மேல் செலவழித்தார். 1816ல் நாடாளுமன்றம் கொடுத்தது 35,000. பணக்கார முதல் மனைவியும் விவாகரத்தாகிப் போய்விட்டார். கடன்காரர்களுக்குப் பயந்து பிரான்சில் ஒதுங்கியவர் 1841ல் பாரிஸில் இறந்தார். ஜேம்ஸ் இரண்டாம் தாரத்து மகன். மூத்தவர் முந்தைய வருடமே போய்ச் சேர்ந்திருந்ததால் பட்டம் இவருக்கு வந்தது, கடனும் கூடவே வந்தது. பிரபுவுக்கும் சம்பளம் வேண்டியிருந்தது. 1842ல் ஜமைக்காவுக்கு ஆளுநராகக் கிளம்பினார்.

அப்புறம் கனடா. 1849ல் மாண்ட்ரியலில் ஒரு சட்டத்துக்கு ஒப்புதல் தந்ததற்காக அவர் வண்டிமீது முட்டையும் கல்லும் விழுந்தன, நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது. கூட்டத்தைச் சுடச் சொல்லாமல் பொறுத்துப்போனார்.

அதே மனிதர்தான் 1860ல், இரண்டாம் அபினிப் போரின்போது, பிரிட்டனின் தூதராகச் சீனத்தில். வெள்ளைக்கொடியோடு போன தூதுக்குழுவைச் சீனர்கள் பிடித்துவைத்ததில் இருபது பேரளவில் இறந்துபோனார்கள். ஊரைத் தண்டிக்க வேண்டாம், பேரரசரைத் தண்டிப்போம் என்று அரண்மனைக்குத் தீ வைக்க உத்தரவிட்டார். பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் ஏற்கெனவே அதைச் சூறையாடி முடித்திருந்தன. இந்த நியாயத்தை நான் ஏற்கவில்லை. மூன்று வருடம் முன்பு கான்டன் நகரைக் குண்டுவீசித் தாக்கக் கப்பல்கள் தயாராக நின்றபோது, வாழ்நாளில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று எழுதிவைத்தவர் அவர். வெட்கப்படத் தெரிந்தவர் செய்தார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

1862ல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தார். மறுவருடம் இமயமலைச் சுற்றுப்பயணத்தில் சந்திரா ஆற்றின் கயிற்றுப் பாலத்தைக் கடந்ததில் இதயம் தளர்ந்தது. பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும், கல்லறைக்கு இடம் பார்த்துவர மனைவியை அனுப்பினாராம். தர்மசாலா போனால், மெக்லியோட்கஞ்ச் ஏறும் வழியில், தேவதாரு மரங்களுக்கு நடுவே தேவாலயத்தை ஒட்டி அந்தக் கல்லறை இருக்கிறது.