பழைய டீசல் வேனைக் கேம்பராக (உள்ளேயே படுத்து, சமைத்துக்கொள்ளும் வண்டியாக) மாற்றினோம், லிட்டருக்கு 7 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

பிரிக்காதீர்கள். இந்நேரம் உங்களிடம் யாராவது "பம்பு போச்சு, நாசில் போச்சு" என்று (டீசலை அழுத்தித் தள்ளுவது பம்பு, இன்ஜினுக்குள் தெளிப்பது நாசில்) சொல்லி, ஒரு தொகையும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. 18,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தவன் என்பதால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

நான் மெக்கானிக் இல்லை, காரைக்குடியில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவன். தொழில் தெரிந்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். "மெக்கானிக் எல்லாரும் திருடனா?" என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். கடைசியில் என் வண்டியைச் சரி செய்தவரும் ஒரு மெக்கானிக்தான்.

என்னுடையது 2004 டெம்போ டிராவலர். கம்பெனி ஃபோர்ஸ் என்று பெயர் மாறுவதற்கு முந்தைய வருடத்து வண்டி. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்று போட்டோம். (ஆர்.சி.யில் முறைப்படி ஏற்றியாயிற்று, அந்தக் கேள்வி வேண்டாம்.) ராமேஸ்வரம் போய்வர சுமார் 280 கிலோமீட்டர். ஆரம்பத்தில் லிட்டருக்கு 10க்குக் குறையாமல் கொடுத்தது. ஒரு மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால் 7.5. நாசில் நான்கையும் சர்வீஸ் செய்து, பம்பைக் காலிபரேஷன் பண்ணிய (டீசல் விடும் அளவைச் சரிசெய்த) பிறகு 7.8. அந்த 0.3க்குத்தான் 18,000.

அப்புறம் ஒருநாள் ஆத்தாவைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போனேன். வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது, வழியில் பெரிதாகப் பிரேக் பிடித்ததாகவும் நினைவில்லை. இறங்கியதும் ஆத்தா சொம்பில் தண்ணீர் எடுத்து, இடது பின்சக்கரத்தின் ஓரமாக நின்று கால் கழுவினார். தண்ணீர் ரிம்மில் தெறித்ததும் சுர்ரென்று ஒரு சத்தம், கொஞ்சம் ஆவி. "ஏப்பா, வண்டி என்ன தோசைக்கல்லா?" என்றார். வலது பின்சக்கரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு. இடது பக்கம் கையைக் கிட்டேயே கொண்டுபோக முடியவில்லை, கருகின வாடை வேறு. அவர் சாமி கும்பிட்டு வரும்வரை நான் அந்தச் சக்கரத்தையேதான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஜாக்கி போட்டுத் தூக்கினால், கியர் நியூட்ரலில் இருந்தும் அந்தச் சக்கரம் கையால் சுற்ற அசையவில்லை. உள்ளே பிரேக்கைத் தள்ளிப் பிடிக்க வைக்கும் வீல் சிலிண்டர் துருப்பிடித்து, அதன் பிஸ்டன் பின்வாங்காமல் நின்றிருந்தது. மழைக்காலம் முழுக்க ஹேண்ட்பிரேக் போட்டபடி நிறுத்தியதில் கேபிளும் இறுகியிருந்தது. ஆக, அத்தனை மாதமும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ராமேஸ்வரம் வரை ஓட்டியிருக்கிறேன். சிலிண்டர், லைனிங், கேபிள், கூலி எல்லாம் சேர்த்தும் பம்புக்குக் கொடுத்ததில் கால்வாசி ஆகவில்லை. மைலேஜ் 9.5க்கு வந்தது. இப்போதெல்லாம் நாள்கணக்கில் நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கல் வைப்பதோடு சரி.

நிறுத்தும் இடம் என்றதும் இன்னொன்று. எங்கள் பூர்வீக வீடு ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது குடும்பத்துக்குப் பொது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்வாசலில்தான் வேனை நிறுத்துகிறேன். அங்கே ஒரு சொட்டு ஆயில் விழுந்திருக்கிறது என்று சென்னையிலிருக்கும் பங்காளி ஒருவர் போன் போட்டு அரைமணி நேரம் பேசினார். அவருக்குப் போட்டோ அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த வீட்டு இரண்டாங்கட்டில் ஓடு மாற்றியதற்கு அவர் பங்கு நான்கு வருடமாக வரவில்லை, அதைக் கேட்டால் மட்டும் சிக்னல் இல்லையாம். சரி, விடுங்கள்.

மைலேஜ் பழைய 10க்கு வராமல் நின்ற மீதி அரைக்குக் காரணம் தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று நடுவில் யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். அது இல்லையென்றால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே ஓடும், இன்ஜின் சூட்டுக்கு வராது, குளிர்ந்த இன்ஜின் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும். அரைமணி நேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடக்கிறதென்றால் அதைச் சந்தேகப்படுங்கள். ஏர் ஃபில்டரையும் கழற்றித் தட்டிப் பாருங்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கெல்லாம் ஒத்துவராது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், அந்த 7 என்ற கணக்கை எப்படிப் போட்டீர்கள்? டீசல் முள்ளைப் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை. ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, 200 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள். கேம்பர் ஆக்கும்போது அழகுக்குப் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டரே குறைத்துக் காட்டும். டயரின் சுற்றளவு 5 சதவீதம் கூடியிருந்தால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105 ஓடியிருக்கும். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு போய் அங்கே நிரப்புங்கள், 100 லிட்டர் என்றால் 100 கிலோ. மேலே கேரியர் இருந்தால், சாமான் இல்லாத நாளில் கழற்றிவிடுங்கள். 85இல் போகிற வண்டியை 65இல் ஓட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வேன் என்பது அலமாரியை நிறுத்தி வைத்துத் தள்ளுகிற மாதிரிதான், வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்கு.

பெட்ரோல் வேன் வைத்துக்கொண்டு, மைலேஜ் குறைந்ததற்குப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைக் காரணம் சொல்பவர்கள் இதைப் படித்தால்: எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் போகும். அதற்காக 10 கொடுத்த வண்டி 7க்கு இறங்காது.

நாளைக் காலை பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்திலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், சட்டென்று தொட்டுவிடாதீர்கள். நான்கும் ஒரே மாதிரி இருந்து, டயரில் காற்றும் சரியாக இருந்து, ஏற்றத்தில் கறுப்புப் புகையும் கக்கினால், அப்போது பம்புக் கடைக்குப் போகலாம்.