செம்பனை ஆலை டர்பைனில் தகடுகள் அதிர்வது ஏன்?

சுழலும் தகட்டின் மீது பாயும் நீராவியே அதை அதிர வைப்பதை ஓட்டத்தால் எழும் அதிர்வு என்கிறோம். நம் தோட்டப்புறச் செம்பனை ஆலைகளில் பழ நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்துப் பெறும் நீராவி, அசையாத நாசில்கள் (நீராவியைப் பீய்ச்சும் குறுகிய வாய்கள்) வழியே வருவதால், தகடு ஒவ்வொரு நாசிலின் நேரே வரும்போது வலுவாகவும் இடைவெளியில் தளர்ந்தும் அதைத் தாக்குகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் டர்பைனில் சுற்றிலும் 40 நாசில்கள் இருந்தால், ஒரு தகடு வினாடிக்கு 2,000 தட்டுகளை வாங்கும். ஒரு தட்டு அற்பமே. ஆனால் அந்த எண்ணிக்கை தகட்டின் இயல்பான அதிர்வெண்ணோடு (தட்டிவிட்டால் அது தானாக வினாடிக்கு அதிரும் எண்ணிக்கை) பொருந்திவிட்டால், ஸ்பிரிங் தொட்டிலை அதன் போக்கறிந்து ஒரு விரலால் இழுத்துவிட்டாலே அது துள்ளித் துள்ளி ஆடுவதுபோல, அதிர்வு பெருகி, பெரும்பாலும் தகட்டின் அடிப்பகுதியில் மயிரிழை விரிசல் விழுகிறது. பொறியாளர் வில்பிரட் கேம்பல் 1924-இல் முன்வைத்த ஆய்வின் வழிவந்த வரைபடத்தைக் கொண்டே பொறியாளர்கள் இன்றும் அத்தகைய வேகங்களைக் கண்டு விலக்குகின்றனர்.

வேகத்தைக் குறைத்தாலே ஆபத்து நீங்கிவிடும் என்று பலர் எண்ணுவது சரியன்று. பொருந்தும் வேகம் கீழேயே இருக்கக்கூடுமாதலால், அங்கேயே நெடுநேரம் ஓடவிடுவது முழு வேகத்தைவிடக் கெடுதலாக முடியலாம்.