ஓரளவு

அன்புள்ள ஐயா,

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். பி.ஏ. பொருளாதாரம் முடித்து, இரண்டு வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்தில் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறேன். சர்வதேச வளர்ச்சியியல் முதுகலை படிக்க இங்கிலாந்தில் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இந்தத் துறையில் தரவரிசையில் அதுதான் முதலில் வருகிறது என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? கல்விக்கடன் போக மீதிப் பணத்துக்கு அப்பா கிணற்றோடு சேர்ந்த இரண்டு ஏக்கரை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். அமெரிக்க உதவி நிறுவனத்தையே மூடிவிட்டார்கள், இனி வேலை எங்கே கிடைக்கும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சும் படிக்கச் சொல்கிறார்கள், படிக்கலாமா? எல்லா விண்ணப்பங்களிலும் 'கள அனுபவம்' கேட்கிறார்கள். என் கள அனுபவம் இதுதான்: டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாளைக்கு எட்டுப் பயனாளிகளைப் பார்ப்பேன். ஒருவருக்கு 140 கேள்விகள். ஆங்கிலத்தில் தயாரித்து அப்புறம் தமிழாக்கிய கேள்விகள், யாருக்கும் புரியாது. நானே வேறு மாதிரி கேட்டு, அவர்கள் சொல்வதில் எது பொருந்துமோ அந்தக் கட்டத்தைத் தொட்டுவிடுவேன். இதை அனுபவம் என்று எழுதலாமா?

க.

அன்புள்ள க.,

மற்றதையெல்லாம் திண்ணையிலேயே பேசி அனுப்பிவிடுகிறேன். கடைசிக் கேள்வியை மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும்.

தரவரிசை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த கல்யாணங்கள் எப்படிப் போகின்றன என்று ஊரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சஸெக்ஸ் நல்ல இடம். அங்குள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 1966-லிருந்து இதையே தொழிலாக வைத்திருக்கிறது. போதும்.

கிணற்று விஷயத்தை நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. தகவல் போலச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். பகலெல்லாம் குழுப் பெண்களிடம் 'நகையைக் கொண்டுபோய் வைக்காதீங்கக்கா, சேமிங்க' என்று பாடம் எடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவோடு சேர்ந்து பத்திரத்தைத் தேடுவீர்களா? அப்பா தயாராகத்தான் இருப்பார். அப்பாக்கள் எதற்குத்தான் தயாராக இல்லை? பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள், உங்களிடம் அது இருக்கிறது. காமன்வெல்த் உதவித்தொகையும் உண்டு. கிடைத்த இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். முடியாதென்றால் இங்கேயே படியுங்கள். மால்கம் ஆதிசேஷையா யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, 1971-ல் அடையாறில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். பெரிய உலகத்தைப் பார்த்த மனிதர் வந்து உட்கார்ந்த இடம் அது. உங்களுக்கு இந்த ஊர் போதாதா என்ன?

அடுத்தது வேலை. 1949 ஜனவரி 20 அன்று ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில், வளர்ச்சி குறைந்த நாடுகளுக்கு உதவுவதை அமெரிக்காவின் கொள்கையாக அறிவித்தார். உங்கள் துறை பிறந்தது அன்றுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2025 ஜனவரி 20 அன்று இன்னோர் அதிபர், பதவியேற்ற கையோடு, வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்துக் கையெழுத்துப் போட்டார். அதே தேதி! ஜூலை பிறந்தபோது அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் இல்லை. பிரிட்டன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதம் கொடுத்துவந்ததை 2027-ல் 0.3 ஆக்கப்போகிறது. ஐ.நா. வைத்த இலக்கோ 0.7. ஆக, உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான். ஆனால் 1982-ல் சத்துணவு போட எம்.ஜி.ஆர். வாஷிங்டன் கதவைத் தட்டவில்லை. வேலை இருக்கும். சம்பளம் டாலரில் இருக்காது, அவ்வளவுதான்.

இனி கடைசிக் கேள்வி. இருபது வருடமாக இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஒத்திப்போட்டு வந்தேன். நீங்கள் எழுத வைத்துவிட்டீர்கள்.

2005, சுனாமி வந்துபோய் எட்டு மாதம் இருக்கும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். நான் அங்கே தினக்கூலி மொழிபெயர்ப்பாளன். வெளிநாட்டிலிருந்து மதிப்பீடு செய்ய வந்த ஓர் அம்மையாருக்குப் பின்னால் நோட்டும் குடையுமாகப் போவேன். நல்ல பெண்மணி. யார் வீட்டிலும் செருப்போடு நுழைய மாட்டார், கொடுத்த தண்ணீரைக் குடிப்பார். தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பு, உள்ளே போனால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். மதியத்துக்குள் பதினாறு வீடு முடிக்க வேண்டும்.

'சுனாமிக்குப் பின் உங்கள் வாழ்வாதாரம் மீண்டிருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. முழுமையாக, ஓரளவு, இல்லை என்று மூன்று கட்டம். ஐம்பது வயதுள்ள ஓர் அம்மாவிடம் அதை நான் 'பொழப்பு எப்படிம்மா இருக்கு இப்போ?' என்று கேட்டேன். நீங்கள் செய்வதையேதான் நானும் செய்தேன்.

"படகு வந்துச்சு சார். ஒண்ணுக்கு ரெண்டா வந்துச்சு. எங்க வூட்டுக்காரரு இருந்தப்ப கட்டுமரந்தான். இப்ப ஃபைபர் படகு நிக்கிது, ஏற ஆளு இல்ல. சின்னவன் கடலப் பாத்து உக்காரவே மாட்டேங்குறான். படகு கொழுந்தன் பேருல. பங்கு தராரு, தரலன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கணும் சார். அதான் நானே மீன் எடுத்து விக்கிறேன். விக்கிறவங்களுக்குன்னு அன்னக்கூடை குடுத்தாங்க. அதுல அவங்க பேரு அடிச்சிருக்கு. தலையில வச்சிட்டுப் போனா, 'சுனாமிக் கூடை வருது'ங்குறாங்க. அந்தப் பேரச் சொரண்டிட்டா அவங்க கோவிச்சுக்குவாங்களா சார்?"

மூன்று நிமிடம் இருக்கும். அம்மையார் பேனாவை உயர்த்தியபடி என் முகத்தைப் பார்த்தார். "பார்ஷியலி" என்றேன். அவர் நடுக் கட்டத்தில் குறி போட்டார்.

அந்த அம்மா என்னிடம், "என்ன சார் சொன்னீங்க?" என்றார்.

"நீங்க சொன்னதைத்தாம்மா சொன்னேன்."

"அவ்ளோ சின்னதாவா?"

க., கேள்வித்தாள் மோசம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மோசம்தான். ஆனால் நான் கேட்டது நல்ல கேள்வி. அந்த அம்மா சொன்னது அதைவிட நல்ல பதில். கொழுந்தன், பங்கு, கடலுக்கு முதுகு காட்டி உட்காரும் பையன், கூடைமேல் அடித்த பெயர் எல்லாம் அதில் இருந்தன. அவ்வளவையும் ஒரு சொல்லாகச் சுருக்கியது ஆங்கிலம் அல்ல, நான். எனக்கு இரண்டு மொழியும் தெரியும், அம்மையாருக்கு ஒன்றுதான். நான் எதை விட்டேன் என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியே இல்லை. இன்னும் எட்டு வீடு பாக்கி இருந்தது, எனக்குப் பசித்தது. உண்மைக் காரணம் அதுதான்.

அன்றைக்கே 'மாத வருமானம் எவ்வளவு?' என்றும் கேட்டோம். மீன்பாடு நாளுக்கு நாள் மாறும். விற்றதில் டீசல், ஐஸ் செலவைக் கழித்து, படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். இதில் மாதம் எங்கே வருகிறது? அவர்கள் தயங்கினார்கள், நானே ஒரு தொகையைச் சொன்னேன், தலையாட்டினார்கள், எழுதிக்கொண்டோம். 'குடும்பத்தில் எத்தனை பேர்?' என்பது அதைவிடச் சிக்கல். ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது ஊர்க் கணக்கு. அரசாங்கக் கணக்கெடுப்பிலும் பொதுச் சமையல்தான் அளவுகோல். சரி, மாதத்துக்கு ஒரு மகன் வீட்டில் சாப்பிடும் கிழவி எந்த வீட்டுக் கணக்கில் வருவாள்? நான் அவளை இரண்டு வீட்டிலும் எழுதியிருக்கிறேன். ஒரு வீட்டிலும் எழுதாமலும் விட்டிருக்கிறேன்.

உங்களைப் பிரெஞ்சு படிக்கச் சொல்கிறார்கள். ஐ.நா. வேலைக்கு உதவும், படியுங்கள். ஆனால் உங்களை நைஜருக்கு அனுப்பினால், கிராமத்துக் கிணற்றடியில் பேசுவது ஹௌஸாவோ சர்மாவோதான். மலாவிக்கு அனுப்பினால் சிச்சேவா. அந்த ஊரில் உங்களுக்கும் என்னைப் போல் ஒருவன் வாய்ப்பான். மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு 'ஓரளவு' என்பான். நெருங்கிய மொழிதானே, சமாளிக்கலாம் என்பது இன்னும் மோசம். 2017 ஆகஸ்டிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடிவந்தபோது, அவர்கள் மொழி பக்கத்துச் சிட்டகாங் பேச்சை ஒத்தது என்பதால் அதைப் பேசுகிறவர்களை வைத்துத்தான் பல அமைப்புகள் சமாளித்தன. நெருங்கிய மொழியில் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். எந்த இடத்தில் புரியவில்லை என்பதுதான் தெரியாது.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கென்று அமர்த்தப்பட்ட முதல் பேராசிரியர், ஆங்கிலேயரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து அவரவர் ஊருக்கே போகச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. அதிலுள்ள இருவேல்பட்டுக்கு, இன்றைய விழுப்புரம் மாவட்டம், 2008 வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். சொந்த ஊருக்குப் போகிறவனுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை என்பதால் எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். ஆனால் 1916-ல் சென்னையில் கல்லூரிக்கு வந்தவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். சேரிக்குள் நின்று அவர்கள் கேட்ட கேள்விக்கு என்ன பதில் வந்திருக்கும்? 'ஆமாங்க சாமி'தான். அதுவும் தமிழ்தான். நீங்கள் உங்கள் குழுப் பெண்களிடம் பேசும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சஸெக்ஸுக்குப் போனால் ராபர்ட் சேம்பர்ஸின் பெயர் காதில் விழாமல் இருக்காது. எழுபதுகளில் நம் வடஆர்க்காட்டுக் கிராமங்களில் ஆய்வு செய்தவர். ஊரைப் பார்க்க வரும் நிபுணர்கள் தார்ச்சாலையை விட்டு இறங்க மாட்டார்கள், மழைக்காலத்தில் வர மாட்டார்கள், ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போவார்கள் என்று 1983-லேயே எழுதி வைத்தார். நான் அதோடு, கூட வருகிறவனுக்குப் பசிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்வேன்.

அனுபவம் என்று எழுதலாமா என்றால், அதை மட்டும்தான் எழுத வேண்டும். '140 கேள்விகள் கொண்ட கணக்கெடுப்பில் பங்கேற்றேன்' என்று எழுதிவிடாதீர்கள், கோபம் வரும். உங்களைத் தடுமாற வைத்த பத்துக் கேள்விகளை எடுங்கள். ஒரு நீள நோட்டில் நெடுக்காகக் கோடு இழுத்து நான்கு பத்தி பிரித்து, திரையில் இருந்தது, நீங்கள் கேட்டது, அவர்கள் சொன்னது, நீங்கள் தொட்ட கட்டம் என்று எழுதுங்கள். மூன்றாவது பத்தியில் அவர்கள் பேசியபடியே இருக்க வேண்டும், திருத்தக் கூடாது, பெயரும் போடக் கூடாது. முதலில் தமிழில் முடியுங்கள். ஆங்கிலமாக்கும்போது எந்தப் பத்தி உங்களைத் திணறடிக்கிறது என்று பாருங்கள். உதவித்தொகைக் கட்டுரைக்கு அதுவே விஷயம். அப்புறம் அந்தப் 'பயனாளி'. ஆட்டுக்கடன் வாங்கியவளையும் புருஷனைப் பறிகொடுத்தவளையும் ஒரே கூண்டில் அடைக்கிற சொல் அது. அலுவலகத் தாளோடு இருக்கட்டும், எனக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம்.

அன்னக்கூடைக் கேள்வியை நான் அந்த அம்மையாரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்த அம்மாவிடமும், "சொரண்டுங்கம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும். அதற்குள் நோட்டை முடித்து எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். அதற்கு முன்னால், பத்திரத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டதாக உங்கள் அப்பா கைப்பட ஒரு வரி எழுதி அனுப்பட்டும்.