தாத்தாவின் பிரஷ்ஷுக்குப் புதுக் குஞ்சம்

கேள்வி: தாத்தா பயன்படுத்திய ஷேவிங் பிரஷ் எங்கள் வீட்டில் இருக்கிறது. முடி பாதி உதிர்ந்துவிட்டது. மரக் கைப்பிடி உறுதியாக இருக்கிறது. தை மாதம் அப்பாவுக்கு மணிவிழா. அதற்குள் இதைச் சீர்செய்ய முடியுமா? அண்ணனுக்கும், இப்போதுதான் மீசை அரும்பும் அவன் மகனுக்கும், தாத்தாவின் உடைந்த தேக்குக் கட்டில் காலில் ஆளுக்கொரு பிரஷ் கைப்பிடி புதிதாகக் கடைந்து, பெயர் பொறித்துத் தர ஆசை.
- வாசகி, கும்பகோணம்

பதில்: அவசியம் செய்யுங்கள், அம்மா. ஒரே ஒரு வேண்டுகோள். பழைய கைப்பிடியைக் கடைசல்காரரிடம் கொடுக்கும்போது, உப்புத்தாள் போடவே கூடாது என்று சொல்லிவிடுங்கள். பளபளவென்று ஆக்கித் தருவதுதான் நல்ல வேலை என்று எங்கள் தொழிலில் பலர் நினைக்கிறார்கள். கைப்பிடியைத் தடவிப் பாருங்கள். தாத்தாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் தட்டுப்படும். உங்கள் அப்பாவின் விரல் அங்கேதான் போய் உட்கார வேண்டும்.

பழைய முடி வேண்டாம். அடியோடு வெட்டி, குழியில் இறுகிக் கிடக்கும் பசையைத் துளைத்து எடுத்துவிடலாம். புதுக் குஞ்சம் தனியாகவே கிடைக்கிறது. 24 மில்லிமீட்டர் விட்டம் பரவலாகப் புழங்கும் அளவு. ஆனாலும் குழியை அளந்த பிறகு வாங்குங்கள். பேட்ஜர் என்ற விலங்கின் முடி மிருதுவானது, விலை அதிகம். பன்றி முடி முதலில் குத்தும், பழகப் பழக இளகும். விலங்கு முடி முகத்தில் படுவதை விரும்பாதவர்களுக்குச் செயற்கை இழை இருக்கிறது. நம் ஊர் ஈரக் காற்றிலும் சீக்கிரம் உலரும் என்பதால் நான் அதையே சொல்வேன்.

கட்டில் காலில் இரண்டு கைப்பிடிகள் தாராளமாகத் தேறும். ஆணி இருக்கிறதா, வண்டு துளைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. அதனால் குழியை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் எபாக்ஸி பசை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குஞ்சம் ஒருநாள் கையோடு வந்துவிடும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களில் மின்னுகிற அரக்குப் பூச்சு எனக்கு உயிர். ஆனால் வெந்நீரில் அரக்கு இளகும், சோப்பின் காரம் அதை அரிக்கும். இங்கே பாலியூரித்தேன் பூச்சுதான் நிற்கும். மெல்லியதாக நான்கைந்து முறை பூசி, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட வேண்டும். குழியின் உட்புறத்தையும் ஈரம் ஏறாதபடி எபாக்ஸியால் அடைக்க வேண்டும். அவசரப்படுத்தாமல் இருக்க, மார்கழி பிறப்பதற்கு முன்பே வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

பெயரைக் கைப்பிடியின் பக்கவாட்டில் வெட்டினால் சோப்பு அடையும். கும்பகோணத்தில் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர்களுக்கா பஞ்சம்? சின்னப் பித்தளை வட்டில் வெட்டி வாங்கி, அடிப்பாகத்தில் பதித்துவிடுங்கள். பையனுடைய பிரஷ்ஷில் அவன் பெயரோடு கொள்ளுத்தாத்தாவின் பெயரும், கட்டில் எந்த வீட்டில் கிடந்தது என்பதும் இருக்கட்டும். ஒரு ரூபாய் நாணய அகலத்தில் அவ்வளவும் அடங்கும்.

அப்பா அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கப் பார்ப்பார், விடாதீர்கள். தினமும் சவரம் செய்யட்டும். முடித்ததும் அலசி, உதறி, காற்றுப்படும் இடத்தில் வைத்தால் போதும். கைப்பிடியை மட்டும் தண்ணீரில் ஊறவிட வேண்டாம். குஞ்சம் தேய்ந்தால் இன்னொன்று மாற்றிக்கொள்ளலாம்.