அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். அம்மா இல்லை. அப்பா லோடுமேன், குடித்துவிட்டு வந்து பெல்ட்டால் அடிக்கிறார். முழங்கைக்கு மேலே தழும்புகள் தெரிகின்றன. தங்கை மூன்றாம் வகுப்பு. காலையில் பள்ளியில் கிடைக்கும் பொங்கலில் பாதியை டிபன் பாக்ஸ் மூடியில் ஒதுக்கி அண்ணனுக்குக் கொடுக்கிறாள். தலைமையாசிரியர், "வீட்டு விவகாரம் நமக்கெதுக்கு? வேணும்னா அப்பாவை வரச்சொல்லிக் கண்டிச்சு அனுப்புங்க" என்கிறார். என்ன செய்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். நீங்கள் கேட்கவில்லைதான். ஆனால் சின்ன ஊரில் அந்தப் பையன் யாரென்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

என்ன செய்தாலும் அப்பாவைப் பள்ளிக்கு அழைக்காதீர்கள். நம் பள்ளிகளில் எல்லாவற்றுக்கும் இதுதான் வைத்தியம். அவர் வருவார், கைகட்டி நிற்பார், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று உங்களுக்கும் அனுமதி கொடுத்துவிட்டுப் போவார். பள்ளியில் பட்ட அவமானத்துக்கு ராத்திரி பையனிடம் கணக்குத் தீர்ப்பார். அப்புறம் அவன் உங்களிடம் வாயே திறக்க மாட்டான்.

வீட்டு விவகாரம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 75ஆவது பிரிவு: தன் பொறுப்பிலுள்ள பிள்ளையை அடித்துத் துன்புறுத்துவதும், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு வதைப்பதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு.

பசியைப் பற்றி ஒன்று. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாவதுக்குப் போனால் பசிக்காது என்று யார் முடிவு செய்தார்களோ! சமைக்கிற மகளிர் குழு அக்காவிடம் பேசிப் பாருங்கள், மீதமாவதில் ஒரு கரண்டி அவனுக்குப் போகட்டும். ஆனால் வறுமை வேறு, இது வேறு. கையில் காசில்லாமல் பிள்ளையைப் பட்டினி போட நேர்ந்தவருக்கு உதவிதான் வேண்டும். கூலியை வாங்கிக்கொண்டு நேராக டாஸ்மாக் போகிறவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசுங்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம், தலைமையாசிரியரின் அனுமதி தேவையில்லை. உங்கள் பெயரை வெளியே விடமாட்டார்கள். விஷயம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், அங்கிருந்து, பிள்ளையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போகும். 'ஹோமில் போட்டுவிடுவார்களோ' என்று பயப்பட வேண்டாம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. பாட்டியோ சித்தியோ பொறுப்பேற்க முன்வந்தால் அங்கே விடலாம். அந்தக் குடும்பம் நொடித்திருந்தால் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்கவும் வழியிருக்கிறது.

பையனிடம் தனியாகப் பேசுங்கள். ஆனால் "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாது. பேச்சில் பாலியல் தொல்லை ஏதாவது வெளிவந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கட்டாயம். தெரிந்தும் மறைத்தால் உங்களுக்கே 6 மாதம் வரை சிறை.

போனில் விவரம் கேட்பார்கள். என்றைக்குத் தழும்பைப் பார்த்தீர்கள், எந்தெந்த நாள் அவன் வரவில்லை என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். போட்டோ எடுக்க வேண்டாம். உங்கள் போனிலிருந்து ஆசிரியர் வாட்ஸப் குழுவுக்கும், அங்கிருந்து ஊருக்கும் போய்விடும்.