தி ஆபீஸ்: ஒன்பது சீசனில் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது?

பேச்சு அமெரிக்க 'தி ஆபீஸ்' பற்றி. என்பிசி என்ற அமெரிக்க சேனலில் 2005 மார்ச் முதல் 2013 மே வரை ஓடியது; 9 சீசன், 201 எபிசோட். ஸ்க்ராண்டன் ஊரில் டண்டர் மிஃப்ளின் என்ற காகிதக் கம்பெனியின் கிளை, அதை ஓர் ஆவணப்படக் குழு படம் பிடிக்கிறது என்பது ஏற்பாடு. கீழே கதையின் திருப்பங்கள் வெளிப்படும். இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு பதிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கே: முதல் சீசன்ல ஒரு எபிசோட் பார்த்தேன் சார். பாஸைப் பார்த்தாலே எரிச்சல் வருது. விட்டுடலாமா?

விடாதீங்க. முதல் சீசன் மொத்தமே 6 எபிசோட்தான். நீங்க பார்த்த பைலட், அதாவது முதல் எபிசோட், ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் எழுதிய பிரிட்டிஷ் மூலத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்தது. அந்த மேனேஜரின் குரூரத்தை அங்கே 14 எபிசோட் வரை தாங்கலாம். வருஷத்துக்கு 20-க்கு மேல் எடுக்கும் அமெரிக்க டிவியில் தாங்காது. இரண்டாம் சீசனில் நம்ம மேனேஜர் மைக்கேலைச் சரிசெய்தார்கள். படிய வாரிய தலைமுடி போச்சு. அதைவிட முக்கியம், இரண்டு விஷயம் சேர்ந்தது. ஒன்று, 'தி டண்டீஸ்' எபிசோடில் ஹோட்டலில் வெளியாட்கள் அவனைக் கேலி பண்ணும்போது, அதுவரை சலித்துக்கொண்டிருந்த ஊழியர்களே அவன் பக்கம் நின்று கைதட்டுகிறார்கள். இரண்டு, 'தி க்ளையண்ட்' எபிசோடில் அவன் நிஜமாகவே கெட்டிக்கார சேல்ஸ்மேன் என்று தெரிகிறது. இவ்வளவு உளறுபவனுக்கு ஏன் இன்னும் வேலை இருக்கிறது என்ற கேள்வி அதோடு அடைபட்டுவிடும். 'டைவர்சிட்டி டே' மட்டும் பார்த்துவிட்டு நேரே இரண்டாம் சீசனுக்குத் தாவுங்க.

கே: ஒருத்தர் சொல்ற எபிசோட் நம்பரும் என் ஆப்பில் வர்ற நம்பரும் ஒத்துப்போகலையே?

ஒரு மணி நேர எபிசோடை சில இடத்தில் ஒன்றாகவும் சில இடத்தில் இரண்டாகவும் எண்ணுகிறார்கள். பெயரை வைத்துத் தேடுங்க.

கே: உச்சம் எது? ஒரே பதில் வேணும்.

இரண்டாம் சீசன். 2006-ல் சிறந்த காமெடி தொடருக்கான எம்மி என்ற டிவி விருது கிடைத்ததும் அதற்குத்தான். மூன்றாவது ஒரு நூல் பின்னால்.

காரணம் கேமரா. ஆபீஸில் வேலை பார்க்கும் ஜிம், பாம் இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாத காதலைக் கேமரா ஜன்னல் மறைப்பின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துப் பிடிக்கும். கிறிஸ்துமஸ் எபிசோடில் ஜிம் ஒரு டீ கெட்டிலைப் பரிசாகத் தயார் செய்து, உள்ளே ஒரு கடிதமும் வைக்கிறான். கடைசி நேரத்தில் பாமுக்குத் தெரியாமல் அந்தக் கடிதத்தை மட்டும் எடுத்துவிடுகிறான். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. அந்தக் கடிதத்துக்கு ஒன்பதாம் சீசனில்தான் பதில் வருகிறது.

கே: நான்காம் சீசன் ஏன் திக்கித் திக்கிப் போகுது?

தொடக்கத்திலேயே நான்கு ஒரு மணி நேர எபிசோட் வரிசையாக. 22 நிமிடத்துக்கு ஒரு சிக்கல் போதும். 42 நிமிடத்துக்கு இழுத்தால் நடுவில் தொய்யும். அப்புறம் 2007 நவம்பரில் எழுத்தாளர் வேலைநிறுத்தம். 2008 ஏப்ரலில்தான் அடுத்த எபிசோட் வந்தது. வந்தது 'டின்னர் பார்ட்டி' என்பதால் எல்லாம் மன்னிப்பு! வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த பிறகுதான் கறி வேக இன்னும் மூணு மணி நேரம் ஆகும் என்று தெரிகிறது. உள்ளங்கை அகல பிளாஸ்மா டிவியைச் சுவரோடு தள்ளி, இடம் மிச்சமாகுது என்று மைக்கேல் பெருமைப்படுகிறான். கதவைத் திறந்து யாரும் வெளியே போக முடியாத ஒரு வீடு, அவ்வளவுதான் கதை.

கே: ஸ்டீவ் கரெல் போனதாலதானே ப்ரோ எல்லாம் கெட்டுது? இதுல என்ன ஆராய்ச்சி?

மைக்கேலாக நடித்த அவர் விடைபெறும் எபிசோட் வந்தது 2011 ஏப்ரலில், ஏழாம் சீசனில். சரிவு அதற்கு முன்பே, ஆறாம் சீசனில் தொடங்கிவிட்டது. அந்த சீசனை வரிசையாகப் பாருங்க. அக்டோபரிலேயே ஜிம்-பாம் கல்யாணம். அத்தோடு காதல் கதையின் இழுவிசை தீர்ந்தது. காகிதக் கம்பெனி மூழ்கப்போகிறது என்ற பயம்தான் அந்த ஆபீஸின் தரை. சேபர் என்ற பிரிண்டர் கம்பெனி வந்து வாங்கியதும் அந்தப் பயமும் போச்சு. போதாததுக்கு 'தி பேங்கர்' என்று பழைய காட்சிகளை ஒட்டிப்போட்ட ஓர் எபிசோட். 26 எபிசோட் நிரப்ப வேண்டுமே.

எழுத்து அறையும் மாறியிருந்தது. முதல் நான்கு சீசனை நடத்திய கிரெக் டேனியல்ஸும், அவரோடு இருந்த மைக்கேல் ஷூரும் 2009-ல் 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தொடங்கினார்கள். ஐந்து, ஆறாம் சீசனின் பொறுப்பு பால் லீபர்ஸ்டைன், ஜெனிஃபர் செலோட்டா இருவரிடம் வந்தது. ஐந்தாம் சீசனில் அவர்கள் சோடைபோகவில்லை என்பதையும் சொல்லணும். மேனேஜர் மைக்கேல் தனிக்கம்பெனி ஆரம்பிக்கும் பகுதி முதல்தரம்.

தேய்மானத்தை அளக்க எளிய வழி கெவின் என்ற ஊழியன். இரண்டாம் சீசன் முடிவில் அவன் உலகப் போக்கர் போட்டியில் ஜெயித்தவன், மெதுவாகப் பேசும் கணக்கர். அவனைச் சக ஊழியர் ஃபில்லிஸ் தோற்கடிப்பதுதான் ஜோக். கடைசி எபிசோடுக்கு வரும்போது கணக்கை நேர் செய்ய 'கெலெவன்' என்று இல்லாத எண்ணைக் கண்டுபிடித்தவனாகி நிற்கிறான். சிரிப்பு வந்த ஒரு குணத்தை வருஷா வருஷம் ஊதினால் கடைசியில் ஆள் இருக்க மாட்டான், குணம் மட்டும் இருக்கும்.

கே: அப்போ எட்டாம் சீசன்? ஜேம்ஸ் ஸ்பேடர் நல்லாத்தானே நடிச்சார்?

நடிப்பில் குறையே இல்லை. ஆனால் அவர் நடித்த ராபர்ட் கலிஃபோர்னியாவுக்கு யாரும் தேவையில்லை. மைக்கேலுக்கோ எல்லாரும் தேவை; ஊழியர்கள் தன்னைக் குடும்பமாக நினைக்கணும் என்ற பசிதான் ஒவ்வொரு கூத்தையும் கிளப்பியது. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த ஊழியன் ஆண்டிக்கு அந்தப் பசியை அப்படியே கடன் கொடுத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. ஃபுளோரிடா பகுதியில் பாதி ஆட்களை ஆபீஸை விட்டே கூட்டிக்கொண்டு போனதும் தப்பு. ஆபீஸ் இல்லாமல் என்ன 'ஆபீஸ்'?

கே: ஒன்பதாவதை விட்டுட்டு கடைசி எபிசோட் மட்டும் பார்த்தா போதுமா அண்ணா?

போதாது தம்பி. டேனியல்ஸ் திரும்பி வந்து நடத்திய சீசன் அது. எட்டு வருஷமாகப் படம் பிடித்தவர்கள் யார் என்ற கேள்வியைக் கையில் எடுத்தார். படக்குழுவில் மைக் பிடிக்கும் பிரையன் ஃப்ரேமுக்குள் வருவது சிலருக்கு உறுத்தும், எனக்கும் பாதி உறுத்தல்தான். ஆண்டி திடீரென்று படகேறிப் போவது, அந்த வேடத்தில் நடித்த எட் ஹெல்ம்ஸ் 'ஹேங்ஓவர்' படத்தின் மூன்றாம் பாகத்துக்குப் போனதை மறைக்க. 'தி ஃபார்ம்' எபிசோடைத் தாண்டுங்க. ஊழியன் டுவைட்டை வைத்துத் தனித்தொடர் எடுக்கப் போட்ட முன்னோட்டம் அது, சேனல் வேண்டாம் என்றுவிட்டது. கடைசி நான்கைந்து எபிசோடை விடாதீங்க.

கே: 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' பார்க்கவே முடியலை, பாதியில் நிறுத்திட்டேன். அது நல்ல எபிசோடா, மோசமானதா?

நல்ல எபிசோட், தப்பான சீசனில் மாட்டியது. பத்து வருஷம் முன்பு ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவேன் என்று வாக்குக் கொடுத்த மைக்கேல், அவர்கள் பாட்டுப்பாடி நன்றி சொல்லும்போது பணத்துக்குப் பதில் கையில் லேப்டாப் பேட்டரியோடு நிற்கிறான். முதல் சீசனின் கூச்சம் அது. நடுவில் ஐந்து வருஷம் அவனை நேசிக்கப் பழக்கிவிட்டு இதைக் காட்டியதால்தான் உங்களுக்கு அவ்வளவு வலிக்கிறது. மறுபடி பார்க்கும்போது வீடு திரும்பும் காரில் ஆபீஸ் ரிசப்ஷனிஸ்ட் எரின் பேசும் இடத்திலிருந்து தொடங்குங்க.